இடது பக்கத்து இருட்டு

என் அண்ணி யூனிஸை வேலை செய்யும் இடத்தில் பார்த்தவர்கள் குறைவு. கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நீளமான வெள்ளை வண்டி ஒன்று நிற்குமே, அதற்குள் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பன்னிரண்டு கேமராக்களின் படங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எதில் எவ்வளவு வெளிச்சம் நுழையலாம் என்று குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பார். ஒரு கேமராவில் பச்சையாகத் தெரியும் புல் அடுத்ததில் மஞ்சளாகிவிடக் கூடாது. அப்படி ஒருவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால் அன்றைக்கு வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். பதினெட்டு வருடங்களாக இதே வேலை.

அவர் இருப்பதைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் என் அண்ணன் காலேப். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அரை நாள். சேலையூர் வீட்டில், கல்யாணமான புதிதில் வாங்கிய முப்பத்திரண்டு இன்ச் டிவி முன்னால் உட்கார்ந்து, யார் அடித்து ஆடுகிறார்கள் என்பதைவிட எந்த கேமரா வெளுத்திருக்கிறது என்பதைத்தான் பார்ப்பான். பார்த்ததும் போன் போடுவான். எங்கள் வீட்டில் யாரும் மெட்ராஸ் பாஷை பேசுவதில்லை. அண்ணியைச் சீண்டுவதற்கு மட்டும் அவன் அதை எடுப்பான். மூன்றாம் நம்பர் கேமராவுக்கு மஞ்சள் காமாலையா என்பான். அண்ணி திட்டிவிட்டு, உடனே மூன்றாம் நம்பரைப் பார்ப்பார்.

போன வருடம் அவர்கள் சேனல் எச்.டி.ஆருக்கு மாறுவதாக முடிவு செய்தது. சுள்ளென்ற வெயிலையும் கரிய நிழலையும் ஒரே படத்தில், இரண்டும் கெடாமல் காட்டுகிற முறை அது. அதில் இரண்டு வகை உண்டு என்று அண்ணி எனக்குச் சொல்லியிருக்கிறார். பி.க்யூ. என்பது கண்டிப்பானது. இந்த வெள்ளை இத்தனை வெளிச்சத்தில்தான் எரிய வேண்டும் என்று டிவிக்கு உத்தரவு போடும். அந்த உத்தரவு புரியாத பழைய டிவிக்கு அதே படத்தைத் தனியாக மாற்றி அனுப்ப வேண்டும். எச்.எல்.ஜி. அப்படி இல்லை. உன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு காட்டு என்று விட்டுவிடும். பழைய டிவியும் அதை ஓரளவு புரிந்துகொள்ளும். சேனலின் தொழில்நுட்பத் தலைவர் தோத்தாத்ரிக்கு பி.க்யூ.தான் பிடித்திருந்தது. எண்கள் துல்லியம், வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதும் அதைத்தான் என்றார்.

அதைச் சோதித்துப் பார்த்தது ஒரு சனிக்கிழமை. வண்டலூர் தாண்டி ஒரு மைதானத்தில் லீக் ஆட்டம். வண்டிக்குள் பி.க்யூ., வீடுகளுக்கு மாற்றி அனுப்பிய சாதாரணப் படம். பிற்பகலில் மேற்கு ஸ்டாண்டின் நிழல் மைதானத்தின் இடது பக்கமாக இறங்கும், மாற்றி அனுப்பும்போது அந்த நிழல் கறுத்துப் போகும் என்று அண்ணிக்குக் காலையிலிருந்தே கவலை.

நான் அன்று சேலையூரில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாலு மணி சுமாருக்கு அண்ணன் கண்ணைக் கசக்கினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு ஸ்பீக்கரில் போட்டு அண்ணியைக் கூப்பிட்டான்.

"இன்னா மேடம், லெஃப்ட் சைடு பூரா இருட்டா கீது? என் கண்ணுதான் புட்டுக்கிச்சோன்னு பாத்தேன்."

அண்ணி சிரிக்கவில்லை. சோர்ந்த குரலில் பதில் வந்தது.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, காலேப். எங்க கன்வர்ஷன்தான். நிழல் பக்கம் அடிவாங்குது. பேசாம உக்காந்து பாரு, சரி பண்றேன்."

நான் நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன். சோப்புத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடி முழுக்க வெள்ளைத் துணி. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்து அடுத்த விடைத்தாளை எடுத்தேன். விஷயம் தெரிந்தவர் சொல்லிவிட்டார், அண்ணனும் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான். என் கண்ணால் பார்த்த வெள்ளையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு டீ கொடுத்தேன். இடது கையால் வாங்கினான். டம்ளர் நழுவி விழுந்தது. விழுந்ததை அவன் குனிந்தும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எப்போது ஆரம்பித்தது என்றுதான். ஐந்து மணி என்றேன். நாலு மணி இருட்டு என் நினைவுக்கே வரவில்லை. அது டிவியின் கோளாறாக என் மனதில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இதில் சிலருக்கு இடது பக்கப் பார்வைதான் முதலில் போகும் என்று ஒரு நர்ஸ் சாதாரணமாகச் சொன்னபோதுதான் நாலு மணி போன் எனக்கு நினைவு வந்தது. மூன்றாம் நாள், நினைவு திரும்பாமலே, அண்ணன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணி என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். அன்று டிவியில் நிழல் அவ்வளவு கறுப்பாகவா இருந்தது? ஆமாம் என்றேன். அது பொய்கூட இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது நிழல் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் போன் போட்ட நிமிடத்தில் ஓடியது என்ன என்று எனக்குத் தெரியும். அது அண்ணிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே அதற்குப் பிறகு என் வேலையாகிவிட்டது. அவர் வீட்டில் டிவி போட்டாலே விளம்பரம் வருமுன் பேச்சை மாற்றினேன். துணி துவைக்கிற சோப்புத்தூளை வேறு கம்பெனிக்கு மாற்றினேன்.

நாற்பது நாள் கழித்து அண்ணி வேலைக்குத் திரும்பினார். எந்த வகை என்று முடிவெடுக்கும் கூட்டம் கூடுவாஞ்சேரியில், வண்டிகள் நிற்கும் ஷெட்டில் நடந்தது. அன்று காலை அண்ணி வீட்டு டிவியைச் சுவரிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை வண்டியின் பொறுப்பாளர் முனீர் பிறகு என்னிடம் சொன்னார். சீர் வந்த டிவியா என்று தோத்தாத்ரி கேட்டாராம். அண்ணி இரண்டு முறையிலும் எடுத்த பதிவுகளை அந்த டிவியில் ஓட்டியிருக்கிறார். பி.க்யூ. படம் சாம்பல் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வந்தது. எச்.எல்.ஜி.யில் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும், வெயிலில் நின்றவனின் சட்டையும் நிழலில் நின்றவனின் முகமும் தெரிந்தன.

தோத்தாத்ரி விடவில்லை. பி.க்யூ.வை யாரம்மா நேராக வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், மாற்றித்தானே அனுப்புகிறோம் என்றார். மாற்றினால் இரண்டு படம், பார்க்க ஒருத்தி, நேரடி ஆட்டத்தில் எதைப் பார்ப்பேன் என்று அண்ணி கேட்டார். இந்தப் பழைய டிவிக்காரன் புகார் செய்யவா போகிறான் என்று அவர் சிரித்தபோது அண்ணி சொன்னாராம்:

"செஞ்சாரு சார். இடது பக்கம் இருட்டா இருக்குன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. அதுதான் அவர் எங்கிட்ட கடைசியா பேசினது."

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை என்றார் முனீர். எச்.எல்.ஜி. என்று முடிவானது. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். ஒரு சேனலே மாறிவிட்டது, அண்ணன் பார்க்காத ஒரு நிழலுக்காக.

டிவி மறுபடி சேலையூர் சுவருக்கு வந்தது. புது முறையில் முதல் ஆட்டம் போன சனிக்கிழமை. வீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல் ஜோ, நிழல் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும் என்றார் அண்ணி. நான் மேஜையோரம் உட்காராமல் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலரை மணிக்கு வீரர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். போன் அடித்தது.

"இடது பக்கம் எப்படி இருக்கு, ஜோ?"

திரையில் ஒரு பெண் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"விளம்பரம் ஓடுது, அண்ணி."

வண்டியின் ஏ.சி. இரைச்சலுக்கு மேலே அண்ணியின் குரல் நிதானமாக வந்தது.

"தெரியும். பிரேக் இல்லாம நான் எப்ப போன் எடுத்திருக்கேன்?" என்றார். "அன்னிக்கும் விளம்பரம்தானே?"

"ஆமா அண்ணி. சோப்புத்தூள்."

"பளிச்சுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பின்னால் யாரோ பத்திலிருந்து தலைகீழாக எண்ணும் குரல். அண்ணி போனை வைக்கவில்லை. ஆறு, ஐந்து என்று வரும்வரை அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "இப்ப பாத்துச் சொல்லு," என்றார்.

மைதானம் வந்தது. ஸ்டாண்டின் நிழல் ஆடுகளம் வரை இறங்கியிருந்தது. அதற்குள், எல்லைக்கோட்டருகே நின்ற பையன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவன் புருவம்கூடத் தெரிந்தது.

"தெரியுது அண்ணி," என்றேன். போன் அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது.