ஏழாம் தேதியைத் தாண்டாத புரோகிராம்

பாலிடெக்னிக்கில் ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடம் மட்டும் எனக்கு அரியர். அதை முடித்தால்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்த வேலை கிடைக்கும். மூன்றாம் தடவையாகச் செய்முறைத் தேர்வுக்குப் போனபோது, ‘கன்டினியூ’வை வைத்துச் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள்.

கன்டினியூ என்றால், இந்தச் சுற்றில் மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போ என்று அர்த்தம். ஒன்றிலிருந்து பத்துவரை எழுதி, ஐந்தை மட்டும் விடும் புத்தக உதாரணத்தை உருப்போட்டிருந்தேன். ஆனால் சொந்தமாக என்றதும் ரோஷம் வந்துவிட்டது. நான் புன்னைக்காயல் மீனவர் வீட்டுப் பெண். அப்பாவின் படகு கடலுக்குப் போகும் தேதிகளை, அதே வரிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றவைக்கும் வைல் லூப்பில் எழுதினேன். மாதம் திங்கட்கிழமை தொடங்குகிறது, தேதி ஏழால் வகுபட்டால் ஞாயிறு, ஞாயிறென்றால் கன்டினியூ. அன்றைக்கு மாதா கோவில் பூசைக்குத்தான் போவோம், கடலுக்கல்ல.

ஓட்டினேன். ஒன்று முதல் ஆறுவரை மளமளவென்று வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. அழித்துவிட்டுப் புத்தக உதாரணத்தை அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. ஆனால் இந்தச் சனியன் உள்ளே என்னதான் செய்கிறது என்று தெரியாமல் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், விளாத்திகுளத்துக்காரர், பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, ஏழாந்தேதி எங்க?”

“ஞாயித்துக்கெழம நாங்க கடலுக்குப் போவ மாட்டோம் சார். அதான் விட்டுட்டேன்.”

“அன்னைக்குப் பொழுது அடையாதோ?”

“அடையும் சார்” என்றேன். சொன்ன வாயை மூடுவதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. தேதியில் ஒன்றைக் கூட்டும் வரியை லூப்பின் கடைசியில் வைத்திருந்தேன். கன்டினியூ அதையும் சேர்த்துத் தாண்டிவிட்டது. திரும்ப மேலே போனால் அதே ஏழு, அதே ஞாயிறு. அது நிற்கவே இல்லை, மூச்சுவிடாமல் ஒரே ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிக்கொண்டிருந்தது!

கன்டினியூவுக்கு முன்னால் தேதியில் ஒன்றைக் கூட்டினேன். எட்டு வந்தது. ஓர் எட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. தேர்வாளர் மார்க் போட்டுக் கையெழுத்திட்டார்.

“பாஸும்மா. எந்திரி.”

“சார், மாசம் செவ்வாக்கெழம பொறந்தா? ஞாயிறு ஆறாந்தேதில்லா வரும்?” என்று கேட்டேன்.

“அதான் பாஸுன்னுட்டேன்லா?”

முந்தைய இரண்டு தடவையும் மணி அடிக்குமுன்பே அந்த அறையைவிட்டு ஓடியவள், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.