ஆளிவிதை எண்ணெயில் எழுதிய பலகை

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலத்தில் அமரவிளையில், ரோட்டோரமாக, எங்களுக்கு ஒரு மரப்பட்டறை இருந்தது. என் வீட்டுக்காரர் ஆசாரி. இழைப்பதும் பொருத்துவதும் அவர் வேலை, மெருகு என் வேலை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் எந்தக் கதவுக்கும் உயிர் வந்துவிடும்.

ஒருநாள் காலையில் அவர் அதே எண்ணெயில் கரி குழைத்து, ‘இங்கே மரவேலை செய்து தரப்படும்’ என்று தமிழில் பலகை எழுதி மாட்டினார். மத்தியானம் பாறசாலை ஊர்வலத்துக்குப் போனவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து, மண்ணெண்ணெய்த் துணியால் பலகையைத் துடைத்தார். தமிழ் எழுத்து இங்கே வேண்டாமாம். உத்தரவு உண்டா என்று கேட்டேன். முறைத்தார். திரும்ப எழுதினேன். திரும்பத் துடைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புருஷனையும் கொண்டுபோய், அவர் கையெழுத்தையும் அழிப்பதா?

எண்ணெய் காய்ந்திருந்தால் மண்ணெண்ணெய் ஒன்றும் செய்திருக்காது. காய நாலைந்து நாளாவது வேண்டும், அதற்கு விடமாட்டேன் என்கிறாரே. பக்கத்துக் கடைக்காரர், “தேங்காயெண்ணெ கலந்து எழுதும் மக்கா, மினுமினுன்னு நிக்கும்” என்றார். நல்ல யோசனை! தேங்காயெண்ணெய் வருஷக்கணக்கில் கிடந்தாலும் காயாது. ஆளிவிதை எண்ணெயின் குணம் வேறு. பிற்பாடு வேதியியல் படித்த என் மகள் சொன்னாள், அதில் இருப்பது நிறைவுறாக் கொழுப்பு அமிலமாம், காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இறுகுமாம். நிறைவுறாதது என்ற பேர் எனக்குப் பிடித்துப்போனது. அந்த நாளில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அப்படி இறுகும்போது அது சூடாகும். அதனால் எண்ணெய்த் துணியைக் குவித்துப் போடக்கூடாது, குவித்தால் தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்துக் கொடியில் போடுவேன். அதையும் அந்தப் போலீஸ்காரர் விடவில்லை.

“இது எந்தா, போராட்டக் கொடியா?”

“எண்ணெத் துணியாக்கும். சுருட்டி வச்சா தீப்பிடிக்கும். உங்க ஸ்டேஷனுக்கு ஒரு மூட்டை தரட்டா சாரே?”

அவர் துணிகளை விட்டு எட்ட விலகி, ரோட்டில் இறங்கிப் போனார்.

பலகையைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் இழைத்த மாம்பலகை, வெளிறிப்போய்ச் சுத்தமாக இருந்தது. கரி கலக்காமல், வெறும் எண்ணெயைத் தூரிகையில் தொட்டு அதே வரியை எழுதி மாட்டினேன். வெயிலில் பார்த்தால் ஏதோ ஈரக்கறை மாதிரித்தான் தெரிந்தது. போலீஸ்காரர் ஜீப்பில் போகும்போது எட்டிப் பார்த்து, “இப்போ சரி” என்று தலையாட்டினார். நானும் பணிவாகத் தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் எண்ணெய் பிசுபிசுவென்று இறுகத் தொடங்கியது. ரோட்டில் லாரியும் போலீஸ் வண்டியும் ஓயாமல் ஓடின. கிளம்பிய செம்மண் புழுதியெல்லாம் எழுத்தில் ஒட்டியது, வெறும் மரத்தில் ஒட்டியதை நான் இறகால் தட்டிவிட்டேன். வாரம் முடிவதற்குள் வரி முழுதும் சிவப்பாக எழும்பி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போலீஸ்காரர் மண்ணெண்ணெயோடு வந்தார். துடைத்தார், தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். வியர்த்ததுதான் மிச்சம்.

“இது போகாதா?”

“போகாது சாரே. மரத்துக்குள்ள இறங்கிக் காய்ஞ்சாச்சு. இழைச்சுத்தான் எடுக்கணும்.”

“அப்போ ஆசாரியை விளி. இப்பவே இழைக்கணும்.”

“நான் எங்க போயி விளிக்க? ஆசாரியைப் பிடிச்சு வச்சிருக்கது நீங்களாக்கும்.”