தையல் வெளியே இருக்கும் உறை

எங்கள் யூனிட்டில் செக்கிங் மேசைக்கு மேலே, ட்யூப்லைட் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு வெள்ளைப் பருத்தி உறை தொங்குகிறது. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு சணல் நூல், நூலின் நுனியில் ஓர் அட்டை, அட்டையின் மேல் அரக்கு முத்திரை. அரக்கு இப்போது ஓரங்களில் உதிர்ந்துவிட்டது. உறையின் தையல் முழுக்க வெளிப்பக்கம் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்துக்குள் ஒரு முறையாவது அதை எட்டிப் பிடித்துவிடுவார்கள். தையல் வெளியே தெரியத் தொங்குகிற துணியைக் கண்டால், திருப்பூரில் பனியன் வேலை பார்த்த கை சும்மா இருக்காது. அப்படி ஒரு கை மேலே நீளும்போதெல்லாம் எனக்குச் செக்கிங் அக்காவின் கை ஞாபகத்துக்கு வரும்.

அவரை யூனிட்டில் எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தைத்து வந்த துணியைப் பார்த்து, பிசிறு வெட்டி, மடித்துப் பெட்டிக்கு அனுப்புகிற மேசைக்கு அவர்தான் தலைமை. நெற்றி நிறையத் திருநீறு, வலது கட்டைவிரலில் நாடாவால் கட்டிய சின்ன நூல்வெட்டி. நான் துணித் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டுக்கு வந்த புதிதில், அவர் துணி திருப்புவதை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன். கை உள்ளே போகும், நுனியைப் பிடிக்கும், ஒரு உதறு. சட்டை நேராகிக் கீழே விழும்போது அடுத்த சட்டைக்குள் கை போயிருக்கும். "நேரா இல்லாதது பெட்டிக்குள்ள போகப்படாதுங்க" என்பது அந்த மேசையின் சட்டம். எனக்கு எதையும் பட்டியலாக எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. அதை வைத்து அவர் என்னை ஓட்டாத நாள் குறைவு. மேடம் தும்முவதற்கு முன்னால்கூட ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டுதான் தும்முவார் என்று மேசை முழுக்கச் சொல்லிச் சிரிக்கவைப்பார். சந்தோஷமாக இருந்தால் நான் கண்ணு. கோபம் வந்தால் மேடம்.

அந்த வருஷம் ஏற்றுமதி ஆர்டர்கள் மெலிந்திருந்தன. செக்கிங் வேலையை வெளியே கான்ட்ராக்டுக்கு விட்டுவிடலாம் என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். விட்டால் அக்காவும் அவர் மேசையில் இருந்த பெண்களும் ஆளுக்கொரு கம்பெனியாகச் சிதறவேண்டியதுதான். அப்போதுதான் நான் ஒரு டெண்டரைப் பார்த்தேன். முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத்துக்குப் பொருள் வாங்குகிற அரசு அலுவலகம் ஒன்று, செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கான பருத்தி உறை கேட்டிருந்தது. மீந்திருக்கும் காலுக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவே, தோலைக் காப்பதற்காகப் போடுவது. எங்களிடம் நூல் இருந்தது, சின்ன வட்டப் பின்னல் மெஷின் சும்மா நின்றது, சோதனைச் சான்றிதழ்கள் இருந்தன. இதையெல்லாம் நான் வரிசையாக எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் சொன்னேன். அரசாங்கத்துக்கு விற்பது கல்லைத் தோய்ப்பது மாதிரி, வெளுக்கவும் செய்யாது கிழியவும் செய்யாது என்றார். ஆனாலும் சம்மதித்தார். இது நின்றால் செக்கிங் மேசை நிற்கும், இல்லையென்றால் அடுத்த மாதமே வெளியே கொடுத்துவிடுவேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அந்த அலுவலகத்துக்குப் பஸ்ஸில் கோவைக்குப் போய்ப் போய் எனக்கு அதன் வராண்டாவே பழகிவிட்டது. ஒரு பக்கம் மருந்து வாங்கக் காத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினரின் பெஞ்சுகள். மறுபக்கம் கொள்முதல் அதிகாரியின் அறை. அதிகாரி குறைவாகப் பேசுவார், பேசியதை மாற்றமாட்டார். பொருளைப் போட்டுப் பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு முன்னாள் ஹவில்தாரை வைத்திருந்தார்கள். அவிநாசிபாளையத்துக்காரர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. நான் முதலில் கொண்டுபோன மாதிரியை எங்கள் ஊர் வழக்கப்படி தையலை உள்ளே வைத்து, அழகாகத் தேய்த்துக் கொடுத்தேன். அவர் உள்ளே விரலை விட்டுத் தடவிவிட்டுச் சொன்னார்:

"எதிரி ஒரே ஒருக்காத்தானுங்க அடிச்சான். இத மாட்டுனா நீங்க தெனமும் அடிப்பீங்களாட்ட இருக்குது."

வழவழப்பான பக்கம் தோலில் படவேண்டும், தையல் வெளியே நிற்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அடுத்த மாதிரி தேறியது. அதிகாரி அரக்கு வைத்து முத்திரையிட்டு ஒன்றை அவர் வைத்துக்கொண்டார், ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். வரும் சரக்கு அப்படியே இதைப்போல இருக்கவேண்டும் என்றார். நான் அதைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சரக்கு தைத்து முடியும் நேரத்தில் தைப்பூசம் வந்தது. அக்கா வருஷா வருஷம் போவதுபோலப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். நான் மேசைப் பெண்களைக் கூப்பிட்டு, தையல் வெளியே இருப்பதுதான் சரி, யாரும் திருப்பவேண்டாம் என்று சொல்லி வைத்தேன். அக்கா திரும்பி வந்தார், காலில் கொப்புளத்தோடு, எல்லோருக்கும் பஞ்சாமிர்தத்தோடு. மேசையில் மலைபோல உறைகள், ஒன்றுகூட நேராக இல்லை. தையல் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த வடநாட்டுப் பையன்கள் திருப்பாமலே தள்ளிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். பெண்களில் ஒருத்தி, மேடம் இப்படித்தான் இருக்கணும்னு சொன்னாங்க என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அக்கா சொன்ன பதிலை யூனிட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"படிச்ச புள்ள அப்படிச் சொல்லுமா? நீ சரியாக் காதுல வாங்கியிருக்க மாட்ட. திருப்பு."

நான் அன்றைக்குச் சாயப்பட்டறையில் வேறு வேலையாக இருந்தேன். எல்லா உறைகளும் நேராகி, கட்டுக்கட்டாக அடுக்கி, பெட்டிக்குள் போய், பெட்டிக்குப் பட்டையும் அடித்தாகிவிட்டது. சரக்கைச் சேர்க்கக் கடைசி நாளன்று காலையில் டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோவைக்குப் போனேன். வராண்டாவில் இறக்கி, முதல் பெட்டியை நானே பிரித்தேன். மேலே இருந்த உறையின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே. அடுத்ததும்.

அதிகாரி வெளியே வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். சாம்பிள் மாதிரி இருந்தா எடுத்துக்குவேன். இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். தையல் வெளியே இருக்கவேண்டும் என்று நான் சொன்னதும் மறுமுனையில் மேசைப் பெண்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கற பெட்டிய ஆரும் தொடாம பாத்துக்குங்க மேடம், வந்துர்றமுங்க" என்றார். மேடம் என்றால் கோபம். ஆனால் அந்தக் கோபம் என்மேல் இல்லை, தன்மேலேயேதான் என்று பிறகு தெரிந்தது.

மேசைப் பெண்கள் நாலைந்து பேரைக் காரில் அடைத்துக்கொண்டு அவர் வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. வராண்டாவில் சுத்தமான பழைய துணியை விரித்து, கை கழுவி, பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா முதல் உறையை எடுத்தார், திருப்பவில்லை. "இது குழந்தைத் தொப்பிதானுங்களே கண்ணு? தொப்பிய எதுக்கு இப்படிப் போடணும்?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையல் வெளியே என்று எல்லோருக்கும் சொன்னேனே தவிர, இது யாருக்கு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வது எங்கள் தொழிலில் வழக்கமும் இல்லை. நாங்கள் செய்கிற பனியனைப் போடுகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அளவு தெரியும், நிறம் தெரியும், ஆளைத் தெரியாது.

பக்கத்து பெஞ்சில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹவில்தார் வேட்டியை ஒதுக்கினார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார், யாரோ குடையைச் சாய்த்து வைப்பதுபோல. அக்காவின் கையில் இருந்த உறையை வாங்கி, தானே திருப்பி, மீந்திருந்த காலில் மாட்டிக் காட்டினார். அக்கா குனிந்து, தையல் வரும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, தையல் உள்ள இருந்தா வலிக்குமுங்களா?"

"நடக்க நடக்கப் புண்ணாயிருமுங்க. புண்ணாச்சுன்னா காலக் கழட்டி வெச்சுட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கணும்."

அக்கா தலையை ஆட்டினார். அதன்பிறகு அவர் கை ஓடிய வேகத்தை நான் ஏற்றுமதிக் கப்பல் கிளம்பும் நாளில்கூடப் பார்த்ததில்லை. கை உள்ளே போகும், நுனியைப் பிடிக்கும், ஒரு உதறு. ஆயுள் முழுக்கச் செய்த அதே அசைவுதான், வழவழப்பு மட்டும் இப்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் பெட்டிகள் நிறைய இருந்தன, கைகள் போதவில்லை. எனக்குப் பட்டியல் போட்டுக் கணக்குப் பார்க்கவே மனம் வரவில்லை.

முதலில் கை கொடுத்தவர் ஹவில்தார். மருந்துக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த சுபேதார் ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர், அப்புறம் அந்த பெஞ்சே எழுந்து வந்தது. அக்கா அவர்களைத் தடுத்து, கை கழுவிவிட்டு வரச் சொன்னார். எல்லையில் நின்ற மனிதர்கள் குழாயடியில் வரிசையாக நின்று கை கழுவி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படை படையாகப் பிரிந்து போட்டி வைத்துக்கொண்டார்கள். தரைப்படை மெதுவாகத் திருப்புகிறது என்று விமானப்படைக்காரர் ஒருவர் சொல்ல, மேலேயே பறந்தவனுக்குக் கை வேலை என்ன தெரியும் என்று பதில் வந்தது. சுபேதார் ஒரு கட்டை முடித்து அட்டென்ஷனில் நிற்பதுபோல நீட்டினார். அக்கா அதில் ஒன்றை எடுத்து, மூலை சரியாக வெளியே வரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னோட சர்வீஸ்ல என்னை ஒரு கர்னல்கூட ரிஜெக்ட் பண்ணுனதில்லம்மா."

"கர்னல் செக்கிங் மேசையில உக்காந்திருக்க மாட்டாருங்க. மறுபடி திருப்புங்க சாமி."

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். பயனாளிகள் எதற்காகச் சப்ளையர் சரக்கைத் தொடுகிறார்கள் என்று கேட்டார். நான் எழுந்தேன். ஹவில்தார் உட்கார்ந்தபடியே, "மாட்டிக்கறவங்களே பாத்து வாங்கறோமுங்க சார். எல்லாம் டெஸ்டிங்தான்" என்றார். அதிகாரி அவரையும், சுவரில் சாய்ந்திருந்த காலையும், அக்காவையும் பார்த்தார். கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சிரித்தார் என்று அக்கா சத்தியம் செய்வார்.

மூன்று மணிக்கு அவர் முத்திரை வைத்த மாதிரியோடு வந்தபோது, கடைசிப் பெட்டி மூடியிருந்தது. தனக்கு இஷ்டப்பட்ட பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, அடியில் கைவிட்டு உருவி, மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார், தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு ஒன்றை ஹவில்தாரிடம் கொடுத்தார். ஹவில்தார் மாட்டி, காலைப் பொருத்தி, வராண்டாவின் கடைசி வரை நடந்து திரும்பினார். அக்கா இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார், பழனியில் சந்நிதி திறக்கும்போது நிற்பதுபோல. திரும்பி வந்த ஹவில்தார் அதிகாரியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்:

"கால் போனதே மறந்துபோச்சுங்க."

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது அக்கா பிடிவாதமாக டெம்போவில்தான் வந்தார். சரக்கு இறக்கிக் காலியான டெம்போவின் பின்பக்கம் பெண்கள் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். மேசை தப்பிவிட்ட சந்தோஷம் அது. அக்கா மட்டும் முன்னால் எனக்கும் டிரைவருக்கும் நடுவே உட்கார்ந்து வந்தார். அவிநாசி தாண்டியதும், "இத்தன வருஷமா எத்தன துணி பாத்திருப்பேன் கண்ணு. போட்டுக்கறவுங்கள இன்னைக்குத்தான் பாத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை.

அந்த அலுவலகத்திலிருந்து மறுபடியும் ஆர்டர் வந்தது, அதன்பிறகும் வந்தது. மேசையை வெளியே கொடுக்கிற பேச்சை முதலாளி எடுக்கவில்லை. ஆனால் எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் அக்கா கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "இத ஆருங்க போடறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். பதில் தெரியாவிட்டால் நான் வாங்குகிறவர்களுக்கே எழுதிக் கேட்டேன். இரவு ஷிஃப்ட் செவிலியருக்கு என்றும், பள்ளிக்கூட நீச்சல் அணிக்கு என்றும் பதில்கள் வந்தன. என் பட்டியல்களில் இப்போது அளவுக்கும் நிறத்துக்கும் மேலே முதல் வரியாக அதுதான் இருக்கிறது. அலமாரியில் பூட்டி வைத்திருந்த மாதிரியை வெளியே எடுத்து மேசைக்கு மேலே கட்டியதும் அக்காதான். பூட்டி வெச்ச சாமி வரங்குடுக்காதுங்க கண்ணு என்று கிண்டலும் செய்தார்.

அக்கா இப்போது குன்னத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரனின் சட்டையை அவன் கழற்றிப் போட்ட மறுநொடியே நேராக்கிவிடுகிறாராம், மகள் போனில் புகார் சொல்கிறாள். போன வாரம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக மேசைக்கு வந்தாள். மூன்றாம் நாள், எதிர்பார்த்தபடியே, பெஞ்சின்மேல் ஏறி உறையை எட்டிப் பிடித்தாள். கை உள்ளே போனது. நான் என் இடத்திலிருந்து எழுவதற்குள், அன்றைக்கு அந்த வராண்டாவில் உட்கார்ந்து திருப்பியவர்களில் ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உடு கண்ணு. அது நேராத்தான் இருக்குது."

புதுப்பெண் கையை எடுக்கவில்லை. உள்ளே விட்ட விரல்களை மெல்ல விரித்து, அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு கீழே எங்களைப் பார்த்து, "இத யாரு போடுவாவக்கா?" என்று கேட்டாள்.

மேசையில் எல்லோரும் நூல்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.