விளிம்பில் இருந்த பெயர்

பட்டாபிராமில் எங்கள் வீட்டு மாடியில் இருந்த தாய்மாமா, வெள்ளைக்காரன் காலத்துப் போர்ப் பதக்கங்களைச் சேர்த்து வந்தார். ஆவடிப் பக்கம் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி வாங்கியவை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, உங்கள் குடும்பத்தில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா என்றுதான் முதலில் கேட்டாராம். அந்த இடம் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறப்பார். பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொடி இங்கிலீஷ் எழுத்தில் பதித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதைப் படிக்கிற உரிமை முகப்பேரிலிருந்து வரும் பெரியம்மா மகளுக்கு மட்டும். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நான் தொடக்கூடாது, கீழே போட்டுவிடுவேனாம். நான் எதையும் கீழே போட்டதில்லை.

ஒருநாள் ஒரு வட்டப் பதக்கத்தை அவள் தடங்கலில்லாமல் படித்ததும், "இது உன்னோடதுன்னு வெச்சுக்க" என்று மாமா அவள் தலையைத் தடவினார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா வேலைக்குப் போயிருந்தபோது அதை எடுத்துவந்து, துணி துவைக்கும் கல்லில் விளிம்பைத் தேய்த்தேன். படிக்க ஒரு எழுத்தும் மிஞ்சாமல் போகும்வரை தேய்த்து, பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அயனம்பாக்கத்திலிருந்து வயதான ஒரு பெண்மணி வந்தார். அவருக்குத் தெரியாமல் பேரன் பித்தளைச் சாமானோடு எடைக்குப் போட்டுவிட்ட பதக்கம்தான் நான் தேய்த்தது. மாமா கடைக்காரரிடம் விசாரித்து அவரைத் தேடிப் பிடித்திருந்தார். பர்மா சண்டைக்குப் போன அவருடைய அப்பா திரும்பவே இல்லை. மகள் பிறந்தது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

பதக்கத்தை வாங்கியதும் அதிலிருந்த ராஜா தலையை அவர் பார்க்கவில்லை. விளிம்பை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். இங்கதான் நைனா பேரு கீதுன்னு எங்கம்மா என் வெரலப் புடிச்சு தடவிக் காட்டும். இதுல ஒண்ணியும் இல்லியே. வேற யாருதோ."

மாமா வாங்கிப் பார்த்தார். பளபளக்க வேண்டுமென்று தேய்த்தாயா என்று அக்காவைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். மாமா நம்பவில்லை.

அந்தப் பெண்மணி எழுந்துவிட்டார். அப்போது அக்கா அழுகையினூடே அந்த எண்ணையும் பெயரையும் சொன்னாள். மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறாள். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

"இன்னொருவாட்டி சொல்லு, கண்ணு."

நாலைந்து தடவை சொல்லவைத்துக் கேட்டார். பிறகு பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட மாமா அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அழித்தது அக்காவின் பெருமையை என்று மட்டும்தான் அன்று எனக்குத் தெரியும். அதுவும் சரியாக அழியவில்லையே என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு பொருமியபடி நின்றிருந்தேன்.