பெட்டியில் இல்லாத இரண்டடிக் கல்

அமீரகத்தில் மழை பெய்தால் புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள், காய்ந்த ஓடையில் தண்ணீர் வருகிற அழகைப் பார்க்க. எங்கள் வீட்டில் புத்தியுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று அந்தச் சனிக்கிழமை காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் ஊளையிட்டது. மலைப் பகுதிகளுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை. என் கணவர் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "பாரு, மலையில நல்ல மழையாம். கிளம்பு, கிளம்பு" என்றார். எங்கள் ஒரே மகளுக்கு எட்டு வயது. அவள் அதற்குள் ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். அப்பனுக்கும் மகளுக்கும் நான் என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். புளியோதரையைக் கட்டிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே நானும் ஏறினேன். துபாயில் நாங்கள் குடியிருக்கும் அல் குசைஸிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

மற்றவர்களுக்கு அந்த மலை பிக்னிக். எனக்கு வேலை. மண் பரிசோதனை செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஜியாலஜிஸ்ட். ரோடு போடுவதற்கு முன்னால் பூமியில் துளை போட்டு, உள்ளே என்ன கல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லுக்குக் கோர் என்று பெயர். துளை போடுகிற டிரில்லர் அதைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு அனுப்புவார். அது என்ன கல், எவ்வளவு உறுதி என்று பார்த்து லாக் எழுத வேண்டியது நான். நான் எழுதியதை நம்பித்தான் மலையை எந்தச் சரிவில் வெட்டலாம் என்று வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

சமவெளி முடிந்து மலை தொடங்கியதும் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். "அம்மா, இந்த மவுண்டன் ஏன் இவ்ளோ டார்க்கா இருக்கு?"

"அது கடலோட தரைடி" என்றேன்.

கதையல்ல, உண்மை. சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஒரு பெருங்கடல் இருந்தது. இரண்டு நிலத்தட்டுகள் நெருங்கினால், கனமான கடல்தரை கண்டத்துக்கு அடியில் அமுங்கிப் போவதுதான் வழக்கம். இங்கே தலைகீழாக நடந்தது. கடல்தரை, தனக்கு அடியில் இருந்த ஆழத்துக் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, அரேபியாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மற்ற ஊர்களில் கிலோமீட்டர் கணக்கில் தோண்டினாலும் எட்டாத கல் இங்கே ரோட்டோரம் கிடக்கிறது.

"அப்ப இதுவும் நம்மள மாதிரி வந்த பார்ட்டிதான். விசா இருக்கான்னு கேளு" என்றார் கணவர்.

மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவளுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஆழத்துக் கல்லில் தண்ணீர் புகுந்தால் அது வேறு கல்லாக மாறிவிடும். செர்பென்டைன் என்போம். பச்சையாக, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். மலை நகர்ந்து வந்த காலத்தில் எங்கெல்லாம் கல்லின் மேல் கல் தேய்ந்ததோ, அங்கெல்லாம் இந்தப் பச்சைப் பட்டை ஓடும். மேலே எவ்வளவு கெட்டியான பாறை இருந்தாலும், அடியில் அது சாய்வாக ஓடினால், அந்தப் பாறை பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

புது ரோட்டுக்கு வந்தோம். அந்த மலையை வெட்டுவதற்கு முன்னால் எடுத்த கோருக்கு லாக் எழுதியது நான்தான். வெட்டிய பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. வெட்டிய மலைச்சுவர் ஏழெட்டு மாடி உயரத்துக்கு நின்றது. மேலிருந்து மூன்று நான்கு இடங்களில் அருவி மாதிரி தண்ணீர் கொட்டியது. அதன் அடியில், ரோட்டோரமாக, முப்பது வண்டிகளாவது இருக்கும். பாய் விரித்துப் பிரியாணிச் சட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள். கணவரும் இடம் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

இறங்கிப் பழக்க தோஷத்தில் மலைச்சுவரிடம் போனேன். இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைக் கோடு. கையை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் கசிந்தது, அதுவும் பச்சையாக, குழம்பாக. பின்னால் நகர்ந்து கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். ரோட்டைப் பார்த்து. எங்களைப் பார்த்து. மேலே இருந்த அத்தனை பாறையும் அந்தச் சோப்பின் மேல்.

இந்தக் கோட்டைப் பற்றி என்னிடம் முன்பே ஒருவர் சொல்லியிருந்தார்.

அவர்தான் இந்த மலையில் துளை போட்ட டிரில்லர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லாருக்கும் அவர் பாய். அவரே ஷெட்டுக்குக் கொண்டு வந்த பெட்டியில் ஓர் இடத்தில் கல்லே இல்லை, காலி இடத்தில் மரக்கட்டை வைத்திருந்தார். "மேடம், இந்த எடத்துல ரெண்டடி வரவே இல்ல. தண்ணி பச்சையா, கொழகொழன்னு வந்துச்சு. டிரில் பிட்டு தானா உள்ள எறங்குச்சு. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெட்டியில் கல் இல்லையென்றால் பழி டிரில்லர் மேல்தான். டிரில்லை வேகமாக ஓட்டி நல்ல கல்லைக் கரைத்துவிட்டான் என்று எழுதினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கீழே பலவீனமான பட்டை இருக்கலாம் என்று எழுதினால் இன்னும் துளை போடு, இன்னும் விளக்கம் கொடு என்று உயிரை எடுப்பார்கள். "கல்லைக் கரைச்சுட்டுக் கதை சொல்லாதீங்க பாய்" என்றேன். துளையிடும்போது ஏற்பட்ட இழப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு. அவர் பெட்டியை மூடினார்.

சுவரிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து ஒரு கார் கூரையில் டொக்கென்று விழுந்தது. ஒரு பையன் கைதட்டினான்.

"ஏங்க! பாப்பாவ ஏத்துங்க! முன்னால ஓட்டுங்க! நிக்காதீங்க, போங்க!" என்று கத்தினேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் மகளை உள்ளே தள்ளிக் கிளம்பினார்.

பிறகு ஒவ்வொரு வண்டியாக ஓடினேன். இந்தியும் வராது, அரபியும் வராது. "பாயி, பஹாட் கிரேகா! ஜல்தி! யல்லா!" மலை விழும், சீக்கிரம் என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. நனைந்த சுடிதாரோடு மூச்சிரைக்கக் கத்துகிற பெண்ணை யார் மதிப்பார்கள்? சிலர் சிரித்தார்கள். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒருவர், சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று சைகை காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ, இவர்களைக் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னேன். தமிழ் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர், பழைய பிக்கப் ஓட்டி வந்த ஒரு பட்டான். மலைநாட்டுக்காரர். சுவரை அண்ணாந்து பார்த்தார், பச்சைத் தண்ணீரைப் பார்த்தார், அடுத்த நிமிடம் ஹார்னில் கையை வைத்து விடாமல் அடித்தார். இறங்கி அந்த அடுப்பைக் காலால் எத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் கூட்டம் கலைந்தது. கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டே எல்லாரும் வண்டியை எடுத்தார்கள். கடைசியாக நானும் அவருடைய பிக்கப்பின் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

இருநூறு மீட்டர் போயிருப்போம். சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், பாறை விழவில்லை, உடையாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் நொறுங்கியது. அடுப்பும் பாயும் சட்டியும் இருந்த இடத்தில் மூன்று ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கல். ஒரு உயிருக்கும் சேதமில்லை. பட்டான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஏதோ ஓதினார்.

மழைக்காகப் பக்கத்திலேயே ரோந்தில் இருந்த போலீஸ் சீக்கிரம் வந்துவிட்டது. எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். இளவயது அதிகாரி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "மேடம், ஹவ் யூ நோ?"

கணவர் எங்கிருந்தோ ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நான் லாக் எழுதிய ரோடு என்று அவருக்குத் தெரியும். விரலை நசுக்கினார். "பயந்துட்டேன்னு மட்டும் சொல்லு. வேற வாயத் திறக்காத" என்றார் தமிழில்.

"ஸ்டோன் விழுந்துச்சு சார். பயந்துட்டேன்" என்று தமிழும் ஆங்கிலமுமாக உளறினேன். பொய்யில்லை. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். "கலாஸ். நவ் சேஃப்" என்றார், எல்லாம் முடிந்தது, இனி பயமில்லை என்று. ஓடை ரோட்டைக் கடக்கிற இடத்தில் வெள்ளமாம். அது வடிகிற வரை எல்லா வண்டியும் முன்னால் வளைவிலேயே நிற்கட்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்.

வளைவைப் பார்த்தேன். அதுவும் வெட்டிய சுவர்தான். முப்பது வண்டிகளும் அதை ஒட்டி வரிசையாக நின்றன. முதல் வண்டி எங்களுடையது. பின் ஜன்னலில் மகள் எனக்குக் கையாட்டினாள்.

அந்த வளைவில் போட்ட துளையின் பெட்டியிலும் ஒரு மரக்கட்டை இருந்தது. அதற்கும் நான் அதையேதான் எழுதினேன்.

"ஏங்க, அதே கோடு அங்கயும் இருக்கு" என்றேன்.

கணவர் முகம் வெளுத்துவிட்டது. "சரி, வா. பாப்பாவ எடுத்துட்டு நாம கிளம்பிடலாம். சத்தம் போடாத. நீ எழுதினதுன்னு தெரிஞ்சா கேஸ். வேலை போச்சு, விசா போச்சு. புரியுதா?"

புரிந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். இன்றைக்கும் பயம்தான். ஆனால் பயந்துவிட்டேன் என்று சொன்னால் அந்த அதிகாரி இன்னொரு தடவை முப்பது வண்டிகளை நகர்த்த மாட்டார்.

கையை உருவிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். "சார், நான் ஜியாலஜிஸ்ட். இந்த மலைக்கு ரிப்போர்ட் எழுதினது நான். அதுல தப்பு இருக்கு, என் தப்பு. வளைவும் விழும். அதைத் தாண்டி மேட்டு வெளி இருக்கு, எல்லாரையும் அங்கே அனுப்புங்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகம் மாறியது. எமிரேட்ஸ் ஐடி அட்டையைக் கேட்டார்.

எடுத்து நீட்டினேன். அவர் வாங்குவதற்காக மறுமுனையைப் பிடித்தார். நான் அட்டையை விடவில்லை.

"முதல்ல வண்டிங்க, சார்" என்றேன்.