கரைவலைக் கயிற்றின் நுனி

என் அண்ணனுக்கு ஒரு கொள்கை: உலகத்தில் யாரும் தன் ஆதாயம் பாராமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்பார். நானும் அதை நம்பினேன். நம்பியதால்தான் யுத்த காலத்தில் என் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. கல்லடிக் கடற்கரை ஊரில் பெண் பிள்ளைகளோடு நான் தனியே. அடுப்பு எரியாத ஒரு நாளில் பக்கத்து வீட்டுக்காரி அரிசி கொண்டுவந்தாள். நான் என்ன பிச்சைக்காரியா என்று வேலியடியிலேயே திருப்பி அனுப்பினேன். பிள்ளைகள் பசியில் சுருண்டு படுத்தார்கள். எனக்கென்ன, வாய்ப்பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

அந்த வாரம், கரையில் ஆள் வைத்து வலை இழுக்கும் கரைவலை முதலாளி வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். பெடியன்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், இழுத்த கயிற்றைச் சுருட்டி வைக்க ஆளில்லை என்று அலுத்துக்கொண்டார்.

"வந்தா பெரிய உதவி தங்கச்சி. எனக்குத்தான் ஆள் காணாது."

கயிற்றில் கை வைத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். அது பிச்சை இல்லை, பங்கு. பெண் போய் நிற்கிற இடமில்லைதான். ஆனாலும் அவருக்குக் காரியம் ஆக வேண்டும், எனக்கு மீன் வேண்டும் என்று நினைத்துப் போனேன்.

ஒருநாள் சின்னவளுக்குக் காய்ச்சல். வர முடியாது என்று சொல்லப் பிந்திப் போனேன். வலை பாதி கரையேறியிருந்தது. நான் இல்லாமலே கயிறு அழகாகச் சுருண்டு கிடந்தது. முதலாளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலை கேட்டு வந்தவர்களை ஆள் போதும் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். திரும்பியவர் என்னைக் கண்டார்.

"எங்க போனீங்க தங்கச்சி? நீங்க வராட்டி எனக்கு வேலை ஓடாது."

இழுத்துக்கொண்டிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மணலைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் என் பங்கு அவர்கள் எல்லாருடைய பங்கிலும் இருந்துதான் வந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது, பிள்ளைகளை நினைத்ததும் அடங்கிவிட்டது.

"நாளைக்கு நேரத்தோட வாறன் அண்ணே" என்றேன்.

பிள்ளைகள் வளரும்வரை அந்தக் கயிற்றைச் சுருட்டினேன். அந்த மனிதர்களின் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் விளக்கு வைக்கும்போது கும்பிடுகிறேன். அண்ணன் இன்னமும் விடவில்லை: எல்லாரும் தங்களுக்காகத்தான் செய்கிறார்களாம். ஓம் என்பேன். முதலாளியும் கண் மூடும்வரை அதைத்தான் சொன்னார், எனக்குத்தான் ஆள் காணாது என்று.