கட்டத்துக்குள் வராத கடல்

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்று அலையை எழுப்புகிறது. அலை, கடலின் மேலே இருக்கும் சூடான தண்ணீரைக் கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரோடு கலக்கிறது. இந்தக் கலக்கலைச் சேர்க்காவிட்டால், வருங்காலப் பருவநிலையைக் கணிக்கும் கணினி மாதிரி, அதாவது மாடல், கடலின் சூட்டைத் தப்பாகக் காட்டும். அதைச் சேர்ப்பதற்காகப் பெங்களூரில் ஒரு ஏசி அறையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடற்கரை ஊரான மீமிசலில் என் அண்ணன் நாட்டுப்படகில் போய் நண்டு வலை விடுகிறார். மூன்று வருடத்துக்கு முன்பு அறந்தாங்கி ஏஜெண்ட் ஒருவர் அவருக்குத் துபாய் விசா கொண்டுவந்தார். அந்த விசாவுக்கான வயது வரம்பை அவர் தொட ஒரு வருடம்தான் பாக்கி. அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

“நம்ம வீட்ல கடலப் படிச்சவ நீதான். தண்ணி சுட்டுக்கிட்டே போகுது. இன்னும் பத்து வருசம் நண்டு கெடைக்குமா, இல்ல நான் கெளம்பவா? நீ சொல்றதுதான்.”

மாதிரியைத் திறந்தேன். அது பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாக வெட்டி வைத்திருக்கும். எங்கள் கடல் விழுந்த கட்டத்தில் பாதிக்கு மேல் கரை என்பதால், கட்டம் முழுவதும் தரை என்று குறிக்கப்பட்டிருந்தது. நான் குளித்து வளர்ந்த கடல் அதில் இல்லவே இல்லை. இத்தனை வருடம் நான் அதைக் கவனிக்கவும் இல்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இருந்த, கரையை விட்டுத் தள்ளிய வங்கக் கடலின் சூட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, “தாங்கும்ண்ணே, இருங்க” என்றேன்.

வெளியே வங்கக் கடல் ஆழமானது. அலை கலக்கினால் கீழிருந்து குளிர்ச்சி மேலே வரும். எங்கள் கடலிலோ கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். கலக்கி மேலே கொண்டுவர அடியில் குளிர்ந்த தண்ணீர் ஏது? வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அதில் நடந்தவள்.

அண்ணன் விசாவை விட்டுவிட்டார். இந்தச் சித்திரையில் பல நாள் காற்றே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. வலையில் பாசியும் செத்த நண்டும்தான் ஏறின. கட்டங்களைச் சின்னதாக்கும் வேலை எங்கள் அலுவலகத்தில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது முடியும்போது அண்ணனுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஊருக்குப் போனேன். கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அடுத்த வருசமாச்சும் தேறுமா, ஆத்தா?” என்றார்.

“தெரியலண்ணே.”

வலையைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”